அண்ணன் மகன் கேட்ட கேள்வி

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம், "அரை மணி நேரம், எல்லாருக்கும் பிரயோஜனப்படுற மாதிரி ஏதாவது பேசுங்க" என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். நான் எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டிருக்க மாட்டார். நான் பேசப்போவது சிறுநீர்ப்பையைப் பற்றி. அதில் வரும் புற்றுநோயைப் பற்றி. அது பரம்பரையாக வருமா என்பதைப் பற்றி.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. 1975 முதல் 1978 வரை இங்கே விலங்கியல் படித்தேன். அதற்குப் பிறகு ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் 33 வருஷம் வேலை. ரத்தம், சளி, சிறுநீர் இவற்றைத்தான் என் வாழ்க்கையில் அதிகம் பார்த்திருக்கிறேன். டாக்டர் அல்ல. ஆனால் டாக்டர் எழுதுகிற சீட்டுக்குப் பின்னால் இருப்பதைப் படிக்கிற பழக்கம் உண்டு. அந்தப் பழக்கம் இந்தக் கல்லூரி நூலகத்தில் வந்தது.

இவ்வளவு அனுபவம் இருந்தும் என் சொந்த வீட்டில் ஒன்பது மாதம் கோட்டை விட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் என்னைவிட நாலு வயது மூத்தவர். என்னைப் படிக்கவைக்க வேண்டும் என்பதற்காகத் தன் படிப்பை நிறுத்திவிட்டு, 1973ல் ஈரோட்டில் ஒரு சாயப்பட்டறையில் கணக்கு எழுதப் போனார். பேருக்குத்தான் கணக்கு. ஆள் வராத நாளில் சாயப் பொடியை அளந்து போடுவதும் அவர்தான். ஆறு வருஷம் அங்கே இருந்தார். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தால் நகக்கண் கறுப்பாக இருக்கும். அங்கே பழகியது பீடி. பிறகு சொந்தமாக மளிகைக் கடை வைத்ததும் அது சிகரெட் ஆயிற்று. நாற்பது வருஷம் விடவில்லை.

2016ல் ஒரு நாள் அண்ணனுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. அண்ணி, "உடம்புச் சூடு" என்றார்கள். இளநீர், வெந்தயம், எண்ணெய்க் குளியல் எல்லாம் நடந்தது. இரண்டு நாளில் சிவப்பு நின்றுவிட்டது. பக்கத்துத் தெருவில் ஒருவர் நீர்க்கடுப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து மறுபடியும் அதேபோல. மறுபடியும் இளநீர். என்னிடம் போனில் சொன்னபோது நானும், "தண்ணி நல்லா குடிங்கண்ணே" என்றுதான் சொன்னேன். தினமும் மைக்ராஸ்கோப்பில் சிவப்பணு எண்ணுகிறவன் சொன்ன பதில் அது. மூன்றாவது தடவை ரத்தம் கட்டியாகப் போனதும்தான் யூராலஜிஸ்டிடம் போனோம். சிறுநீர்ப் பாதை வழியாகக் குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்தார். சிறுநீர்ப்பைச் சுவரில் பவளப் பூச்சி மாதிரி கிளை கிளையாக ஒரு கட்டி.

கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். மேல்தோல் அளவில்தான் இருந்தது, தசைக்குள் இறங்கவில்லை. அந்த ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வயது முப்பத்தி ஒன்று. சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட். கேட்டான்: "சித்தப்பா, இது சாயத்தால வந்ததா, சிகரெட்டால வந்ததா, இல்ல நம்ம பரம்பரையிலயே இருக்கா? எனக்கும் வருமா?"

அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு உட்கார்ந்து படித்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் சாயம். 1895ல் பிராங்க்பர்ட் நகரத்தில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மெஜந்தா நிறச் சாயம் செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்த மூன்று பேருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி. அபூர்வமான நோய் ஒரே தொழிற்சாலையில் மூன்று பேருக்கு எப்படி வரும்? அனிலின்தான் காரணம் என்று அவர் நினைத்தார். ஆனால் உண்மையான குற்றவாளி அதன் உறவினர்களான பீட்டா நாப்தைலமின், பென்சிடின் போன்ற பொருள்கள் என்பது பிறகு தெரிந்தது. 1938ல் ஹ்யூப்பர் என்பவர் பீட்டா நாப்தைலமினை நாய்களுக்குக் கொடுத்துச் சிறுநீர்ப்பைக் கட்டியை வரவழைத்தே காட்டினார். 1954ல் இங்கிலாந்துச் சாயத் தொழிலாளர்களைக் கணக்கெடுத்து கேஸ் என்ற மருத்துவர் மிச்சமிருந்த சந்தேகத்தையும் போக்கினார். பென்சிடின் அடிப்படையிலான சாயங்கள் நம் நாட்டில் 1990களில்தான் தடை செய்யப்பட்டன. அண்ணன் பொடி அளந்தது அதற்கு இருபது வருஷம் முன்பு.

சாயம் கையில் படுகிறது, மூக்கில் ஏறுகிறது. நோய் ஏன் சிறுநீர்ப்பையில் வரவேண்டும்? விலங்கியல் மாணவர்கள் யோசித்துப் பார்க்கலாம். உடம்புக்குள் வந்த நச்சைக் கல்லீரல் மாற்றுகிறது, சிறுநீரகம் வடிகட்டுகிறது, சிறுநீர்ப்பை அதை மணிக்கணக்கில் தேக்கி வைக்கிறது. வேறு எந்த உறுப்பின் உள்தோலும் கழிவோடு இவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, பெருங்குடலைத் தவிர. சிகரெட் புகையிலும் இதே வகை அமின்கள் இருக்கின்றன. புகை நுரையீரலோடு நின்றுவிடுகிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் லட்சக்கணக்கானோரைப் பின்தொடர்ந்து 2011ல் வெளியிட்ட கணக்குப்படி, புகைப்பிடிப்பவருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, என்றுமே பிடிக்காதவரைப்போல ஏறத்தாழ 4 மடங்கு. விட்டுவிட்டவர்களுக்கு 2 மடங்குக்குச் சற்று மேல். அங்கே இந்த நோய் கண்டவர்களில் பாதிக்குப் புகையிலைதான் காரணம், ஆணோ பெண்ணோ.

சரி, எல்லாப் புகைபிடிப்பவருக்கும் வருவதில்லையே, ஏன்? இங்கேதான் பரம்பரை வருகிறது. எனக்கு அது நம் விடுதியில், என் கட்டிலுக்கே வந்திருந்தது. அப்போது தெரியவில்லை.

இரண்டாம் ஆண்டில் எனக்குக் காசநோய் வந்தது சில நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஊசியும் மாத்திரையுமாக ஒன்றரை வருஷம். மெஸ்ஸில் எனக்கு மட்டும் தனியாக ஒரு டம்ளர் பால் வாங்கிக் கொடுத்த புண்ணியவான் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மாத்திரை ஆரம்பித்துச் சில மாதத்தில் இரண்டு பாதமும் மதமதவென்று ஆகிவிட்டது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. டாக்டர் பி6 வைட்டமின் கொடுத்தார், சரியாயிற்று. அந்த மாத்திரையின் பெயர் ஐஸோனியாசிட்.

இந்த ஐஸோனியாசிட்டைக் கல்லீரலில் ஒரு என்ஸைம் செயலிழக்கச் செய்கிறது. அசிட்டைல் என்ற சின்ன வாலை ஒட்டி அதை வெளியேற்றிவிடும். சிலருக்கு இந்த வேலை மளமளவென்று நடக்கும். சிலருக்கு மெதுவாக நடக்கும். மெதுவாக நடக்கிறவர்களுக்கு மருந்து ரத்தத்தில் அதிக நேரம் தங்கும், கால் மதமதப்பும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் வரும். 1956ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையம் தென்னிந்திய நோயாளிகளிடம் இதை அளந்து பார்த்தது. பாதிக்கு மேற்பட்டோர் மெதுவான ரகம். அதாவது இந்த அரங்கில் இருப்பவர்களிலும் பாதிக்கு மேல். அது நோயல்ல, உடம்பின் வாகு. நாட்2 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் மெதுவான வகையாக, அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாக வந்தால் இப்படி.

காசநோய் மாத்திரைக்கும் சிறுநீர்ப்பைக்கும் என்ன சம்பந்தம் என்றால், சிகரெட்டிலும் சாயத்திலும் இருக்கிற அமின்களுக்கும் வால் ஒட்டி அனுப்புவது இதே நாட்2 என்ஸைம்தான். அது மெதுவாக நடந்தால், அந்த அமின்கள் கல்லீரலில் வேறு பாதையில் திரும்பி, டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்கிற உருவத்தை எடுத்துச் சிறுநீர்ப்பைக்கு வந்து சேரும். ஸ்பெயினில் ஏறத்தாழ 1,150 நோயாளிகளையும் அதே அளவு நோயில்லாதவர்களையும் ஒப்பிட்டு 2005ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மெதுவான ரகத்துக்கு வாய்ப்பு 1.4 மடங்கு. ஜி.எஸ்.டி.எம்.1 என்று இன்னொரு நச்சுமுறிப்பு மரபணு, ஐரோப்பியரில் பாதிப் பேருக்கு அது அடியோடு கிடையாது. அவர்களுக்கு 1.7 மடங்கு. முக்கியமானதை இனித்தான் சொல்லவேண்டும். நாட்2 விஷயத்தில் இந்த வித்தியாசம் புகைப்பவர்களிடம்தான் தெரிந்தது. புகைக்காதவர்களிடம் மெதுவான ரகமும் வேகமான ரகமும் ஒன்றுதான்.

என் கால் மதமதத்ததை வைத்து நான் மெதுவான ரகம் என்று வைத்துக்கொண்டால், அண்ணனும் அப்படி இருக்க நாலில் ஒரு பங்காவது வாய்ப்பு உண்டு. மெண்டல் பட்டாணிக் கணக்குதான், முதலாண்டு மாணவர்களே போட்டுப் பார்க்கலாம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். பென்சிடின் விஷயத்தில் கதை வேறு. சீனாவில் பென்சிடின் தொழிலாளர்களைச் சோதித்தபோது மெதுவான ரகத்துக்கு அதிக ஆபத்து தெரியவில்லை. பென்சிடினுக்கு வால் ஒட்டினால் அது சாதுவாவதில்லை, அதுவே ஆபத்துக்குப் போகிற வழியின் ஒரு படி. ஒரே மரபணு, நச்சு மாறினால் நியாயமும் மாறுகிறது. "நல்ல ஜீன், கெட்ட ஜீன்" என்று பத்திரிகைகளில் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

இதுவரை சொன்னது நச்சு உள்ளே வந்து வெளியே போகிற பாதை. அடுத்தது அந்த நச்சு போய் அடிக்கிற இடம்: உயிரணுவுக்குள் செய்தி போகிற பாதை. அண்ணன் மகனின் கேள்விக்கு இதுவும் வேண்டும்.

நம் விடுதியில் அந்தக் காலத்தில் ஒரே ஒரு தொலைபேசி, கீழ்த்தளத்தில் வார்டன் அறை வாசலில். மணி அடிக்கும். வாட்ச்மேன் எடுப்பார். எடுபிடிப் பையனைக் கூப்பிட்டு அறை எண் சொல்வார். பையன் மாடிப்படியில் ஏறிக் கத்துவான். அறைக்குள் தூங்குகிறவன் எழுந்து வேட்டியைக் கட்டிக்கொண்டு ஓடுவான். உயிரணுவிலும் அப்படித்தான். வெளியே இருந்து "வளர், பிரி" என்று ஒரு வளர்ச்சிக் காரணி வந்து மணி அடிக்கிறது. உயிரணுவின் மேற்பரப்பில் இருக்கிற ஏற்பி அதை எடுக்கிறது. ராஸ் போன்ற புரதங்கள் ஏறிப் போய்க் கத்துகின்றன. உட்கருவில் மிக் போன்ற மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. செய்தி முடிந்ததும் எல்லாரும் அடங்கவேண்டும். அடங்காவிட்டால் புற்றுநோய்.

மனிதப் புற்றுநோயில் ஒரே ஓர் எழுத்து மாறினதால் செய்திப் பாதை கெட்டது என்று முதன்முதலில் கண்டுபிடித்தது எந்தக் கட்டியில் தெரியுமா? சிறுநீர்ப்பைக் கட்டியில்தான். 1982ல் அமெரிக்காவில் வைன்பர்க், பார்பசிட், விக்லர் ஆகியோரின் மூன்று ஆய்வுக்கூடங்கள் போட்டிபோட்டுக்கொண்டு இதைக் கண்டுபிடித்தன. எச்ராஸ் மரபணுவில் பன்னிரண்டாவது அமினோ அமிலத்துக்கான இடத்தில் ஜி என்ற எழுத்து டி ஆகிவிட்டது. கிளைசின் போய் வாலின் வந்தது. அவ்வளவுதான். மாடியில் கத்தப் போன பையன், போன் வைத்த பிறகும் கத்திக்கொண்டே இருக்கிறான். நான் கல்லூரியை விட்டு நாலு வருஷம் கழித்து அந்தச் செய்தியைப் படித்தேன். ஒரு வாரம் அதே நினைப்பாக இருந்தது.

கவனியுங்கள், இந்த மாற்றம் பிறவியில் வந்ததல்ல. வாழ்நாளில் அந்த ஒரு உயிரணுவில் ஏற்பட்ட காயம். பிள்ளைக்குப் போகாது. ஆனால் இதே எச்ராஸ் மாற்றம் கருவிலேயே நேர்ந்தால்? அப்படியும் சில குழந்தைகள் பிறக்கிறார்கள். காஸ்டெல்லோ நோய்க்குறி என்று பெயர், மிக அபூர்வம். காரணம் எச்ராஸ்தான் என்று 2005ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தக் குழந்தைகளில் சிலருக்குப் பதின்ம வயதிலேயே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருகிறது, அறுபது வயதில் வரவேண்டிய நோய். அதுவும் பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாமல் புதிதாக ஏற்படுவது.

ராஸைவிடச் சிறுநீர்ப்பையில் அதிகம் அடிபடுவது வாசலில் இருக்கிற ஏற்பி. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்று பெயர். 1999ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். தசைக்குள் இறங்காத, கிளை கிளையாக வளர்கிற கட்டிகளில், என் அண்ணனுக்கு வந்த ரகத்தில், பெரும்பான்மையானவற்றில் இந்த ஏற்பி கெட்டிருக்கும். மணி அடிக்காமலேயே செய்தி போய்க்கொண்டிருக்கும். இதில் ஒரு விசித்திரம். இதே ஏற்பியில் இதே மாற்றம் கருவில் ஏற்பட்டால் எலும்பு வளராமல் மிகக் கடுமையான குள்ளத்தன்மை வரும், பெரும்பாலும் குழந்தை பிறந்த உடனே இறந்துவிடும். எலும்பில் இந்த ஏற்பி "வளராதே" என்று சொல்கிறது. சிறுநீர்ப்பைத் தோலில் "வளர்" என்கிறது. செய்தி ஒன்று, கேட்கிற வீடு வேறு.

இப்போது நம் கேள்வி. இந்தச் செய்திப் பாதையில் நாம் பெற்றோரிடமிருந்து வாங்கி வருகிற சின்னச் சின்ன வேறுபாடுகள் ஏதாவது ஆபத்தைக் கூட்டுகிறதா? 2000களில் பல குழுக்கள் ஏதாவது ஒரு பாதையை எடுத்துக்கொண்டு தேடின. ஹூஸ்டனில் ஒரு குழு பி.ஐ.3.கே, ஏ.கே.டி, எம்டார் என்று தொடரும் பாதையை அலசி, ராப்டர் என்ற மரபணுவில் சில வேறுபாடுகளைச் சுட்டிக்காட்டியது. அது 2009. என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்: சில நூறு பேரை வைத்துக்கொண்டு, நாமே தேர்ந்தெடுத்த சில மரபணுக்களில் தேடினால் ஏதாவது ஒன்று கிடைக்கத்தான் செய்யும். இப்படிக் கிடைத்தவற்றில் பல, பெரிய எண்ணிக்கையில் பார்த்தபோது நிற்கவில்லை. இளைஞர்கள் ஆராய்ச்சிக்குப் போகும்போது இதை மனதில் வையுங்கள்.

நின்றவை, முன்கூட்டியே எந்த மரபணுவையும் சந்தேகப்படாமல் முழு மரபுத் தொகுதியையும் ஆயிரக்கணக்கானோரில் அலசியதில் கிடைத்தவை. 2008ல் ஐஸ்லாந்து, நெதர்லாந்து ஆய்வாளர்கள் எட்டாவது குரோமசோமில் மிக் மரபணுவுக்குப் பக்கத்தில் ஒரு வேறுபாட்டைக் கண்டார்கள். ஐரோப்பியரில் ஐந்தில் ஒருவருக்கு அது இரண்டு பிரதியாக இருக்கிறது. அவர்களுக்கு வாய்ப்பு, அது அறவே இல்லாதவரைப்போல 1.49 மடங்கு. 2010ல் அதே குழு நாலாவது குரோமசோமில் இன்னொன்றைக் கண்டது. அது இருப்பது டாக்3 என்ற மரபணுவுக்குள். அடுத்த வீட்டில் யார்? நம் எஃப்.ஜி.எஃப்.ஆர்.3! ஒவ்வொரு பிரதிக்கும் 1.24 மடங்கு. அந்தப் பிரதியோடு பிறந்தவர்களுக்குக் கட்டி வந்தால், அந்தக் கட்டியில் எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 கெட்டிருப்பதும் அதிகம். பிறவியில் வந்த வேறுபாடும், பிறகு ஏற்பட்ட காயமும் ஒரே வாசலில் வந்து சந்திக்கின்றன. நான் படித்ததில் என்னை மிகவும் ஈர்த்த இடம் இது. 2011ல் கிடைத்த இன்னொன்று, ஆய்வுக்கூட ஆட்களுக்கு வேடிக்கையாக இருக்கும்: யூரியாவைக் கடத்துகிற ஒரு புரதத்தின் மரபணு. ரத்தம் பொருத்திப் பார்க்கும்போது நாங்கள் கிட் வகை என்று சொல்கிறோமே, அந்தப் புரதமேதான்.

ஆனால் 1.24 என்றால் என்ன என்று யாரும் சொல்வதில்லை. ஆயிரம் பேரில் 10 பேருக்கு வருகிற நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது 12 ஆகிறது. சிகரெட் அதே 10ஐ 40 ஆக்குகிறது. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தாரிடம் செய்தவை, நம் ஜனங்களிடம் இந்த வேறுபாடுகளின் அளவு அப்படியே இருக்கவேண்டும் என்பதில்லை.

2019ல் அண்ணன் மகன் மறுபடியும் வந்தான். எச்சிலை அனுப்பினால் ஜீன் பார்த்துச் சொல்கிற கம்பெனியைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். "பாத்துருவோம் சித்தப்பா. ஒண்ணும் இல்லன்னா நிம்மதியா இருக்கலாம்ல" என்றான். அவன் சொல்லாமல் விட்டது எனக்குப் புரிந்தது. ஒன்றும் இல்லையென்றால் சிகரெட்டை விடவேண்டாம்.

நான் அவனுக்கு ஒரு தாளில் மூன்று எண் எழுதிக் கொடுத்தேன். 2013ல் வந்த கணக்கு. இப்படிப் பிறவியில் வருகிற 12 வேறுபாடுகளைக் கூட்டி, அமெரிக்க ஆண்களை நாலு பங்காகப் பிரித்தார்கள், மரபு அதிர்ஷ்டம் நன்றாக இருப்பவரிலிருந்து மோசமாக இருப்பவர்வரை. இப்போது புகைக்கிறவர்களில் 30 ஆண்டுகளுக்குள் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மொத்தத்தில் 6.2 சதவீதம். அதிர்ஷ்டசாலிக் கால்பங்கில் 2.9. மோசமான கால்பங்கில் 9.9. அந்த மோசமான பங்கிலிருந்து ஒரு லட்சம் பேரைப் புகைக்காமல் தடுத்தால் 8,200 பேருக்கு நோய் வராமல் தடுக்கலாம். அதிர்ஷ்டசாலிப் பங்கில் தடுத்தால் 2,000 பேர்.

"ரெண்டாயிரம் பேர்தானா?" என்றான்.

"அந்த ரெண்டாயிரம் பேரும் டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்தவங்கடா" என்றேன்.

அவன் அப்பாவுக்கு எதனால் வந்தது என்று கேட்டான். ஈரோட்டுப் பொடியா, நாற்பது வருஷப் புகையா, எங்கள் வீட்டு மரபணுவா, ஒரு தனி மனிதனின் கட்டியில் இதைப் பங்கு போட்டுச் சொல்ல எந்த ஆய்வுக்கூடத்தாலும் முடியாது. ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு வரும். அதை அவனுக்குச் சொல்வதற்கு எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் அந்தப் பொடி என் படிப்புக்காக அளந்த பொடி.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு குடும்பத்தில் பலருக்குச் சின்ன வயதிலேயே பெருங்குடல், கர்ப்பப்பை, சிறுநீர்ப் பாதை என்று புற்றுநோய் வந்திருந்தால் லிஞ்ச் நோய்க்குறி என்று ஒன்று உண்டு. அதில் ஒரே மரபணு பலமாக வேலை செய்கிறது. அந்தக் குடும்பங்களுக்குச் சோதனை அவசியம். எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை.

வைத்தியத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கட்டியை எடுத்த பிறகு அண்ணனுக்கு வாரம் ஒன்றாக ஆறு வாரம் சிறுநீர்ப்பைக்குள் ஒரு மருந்து செலுத்தினார்கள். என்ன மருந்து என்று பார்த்தால் பி.சி.ஜி.! குழந்தைக்குத் தோளில் போடுகிற அதே காசநோய்த் தடுப்பூசி. 1976ல் கனடாவில் மொராலஸ் என்ற மருத்துவர் தொடங்கிய முறை. காசநோய் எங்கள் வீட்டை இரண்டு தடவை எட்டிப் பார்த்தது, ஒரு தடவை நோயாக, ஒரு தடவை மருந்தாக. முற்றிய நிலையில் இருப்பவர்களுக்கு, எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 கெட்டிருக்கிறதா என்று கட்டியைச் சோதித்து, அந்த வாசலையே அடைக்கிற எர்டாஃபிட்டினிப் என்ற மாத்திரை 2019ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்தச் சோதனை கட்டியில் செய்வது, எச்சிலில் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த அரங்கில் என் வயதுக்காரர்கள் நிறைய. கூச்சப்படாமல் கேளுங்கள். வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால், ஒரே ஒரு தடவை போய்த் தானாக நின்றுவிட்டாலும், இளநீரைக் குடித்துக்கொண்டே யூராலஜிஸ்டிடம் போங்கள். கல்லாக இருக்கலாம், பிராஸ்டேட்டாக இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். அவர் பார்த்துச் சொல்லட்டும். பெண்களுக்கு இது இன்னும் தாமதமாகிறது, நீர்க்கடுப்பு என்றும் மாதவிலக்குக் கோளாறு என்றும் ஒதுக்கிவிடுகிறார்கள். சாயப்பட்டறை, ரப்பர், தோல் தொழிலில் இருந்தவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள், முப்பது வருஷம் முன்னால் விட்ட வேலையாக இருந்தாலும் சரி.

அண்ணன் இப்போது நன்றாக இருக்கிறார். 2018ல் ஒரு தடவை சின்னதாகத் திரும்பி வந்தது, எடுத்துவிட்டார்கள். இந்த நோய் அப்படித்தான், திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கும். அதனால் கேமராச் சோதனையை விடக்கூடாது. சிகரெட்டை ஆபரேஷன் அன்றே விட்டவர், கடையில் விற்பதையும் நிறுத்திவிட்டார். அதனால் வியாபாரம் குறைந்தது என்று அண்ணி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அண்ணன் மகன் எச்சிலை அனுப்பவில்லை. நாளைக்குப் பத்து என்பதை இரண்டாகக் குறைத்திருக்கிறான், முழுசாக விடவில்லை. அந்த மூன்று எண் எழுதின தாள் அவன் மோட்டார் சைக்கிள் பெட்டியில் இருக்கிறது என்று அவன் மனைவி சொன்னாள். போன மாதம் அப்பாவைச் சோதனைக்கு அழைத்துப் போனவன் எனக்குப் போன் பண்ணி, "ரிப்போர்ட் சுத்தம் சித்தப்பா. அந்த ரெண்டையும் விட்டா எத்தனை வருஷத்துல கணக்கு மாறும்?" என்று கேட்டான். உடனே மாறத் தொடங்கும், முழுசாக இறங்க வருஷக்கணக்கு ஆகும் என்று சொன்னேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மெஸ்ஸிலிருந்து வாசனையும் வருகிறது. கேள்வி இருப்பவர்கள் சாப்பிட்ட பிறகு கேளுங்கள், பழைய விலங்கியல் துறைக் கட்டிட வாசலில் இருப்பேன்.